பூஜையில் இருந்த வாளிகள்

யுத்த காலத்தில் நாங்கள் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் லைன் வீடுகளில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் பன்னிரண்டு ஓட்டு வீடுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் சமையலுக்கு ஓர் ஓலைச் சாய்ப்பு. நான் மில்லில் டைம் கீப்பர். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே குடியிருப்புகளில் தீத்தடுப்பு ஏற்பாடு வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு வந்ததும், மேனேஜர் அதை என் தலையில் கட்டினார்.

எட்டு சிவப்பு வாளிகள் வந்தன. நான்கில் தண்ணீரும் நான்கில் மணலும் நிரப்பி, பன்னிரண்டாம் வீட்டை ஒட்டிக் கம்பு நட்டு மாட்டினோம். ஒரு வாரத்தில் மணல் பாதியாகிவிட்டது. விசாரித்ததில், பித்தளைப் பாத்திரம் விளக்க அவ்வளவு நல்ல மணல் வேறெங்கும் கிடைக்காது என்று தெரிந்தது. சொன்னவள் என் மனைவி.

அன்றே ஒரு விதி எழுதி ஒட்டினேன். என் விசில் சத்தம் கேட்டாலன்றி யாரும் வாளியைத் தொடக்கூடாது. அதன் பிறகு மணல் குறையவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்து, தீப்பிடிக்க இடமானவற்றின் பட்டியலை மேனேஜர் கேட்டார். விஜயதசமியன்று நேரில் வந்து பார்த்துவிட்டு, ஆபத்தானதைப் பிரித்துவிடச் சொல்வார். முதல் எண்ணாகப் பன்னிரண்டாம் வீட்டுச் சாய்ப்பை எழுதினேன். அதில் இருந்தவர் ஒரு கிறிஸ்தவப் பெண்மணி. புருஷன் மில்லில் வேலை பார்த்து இறந்துபோனவர். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு ஆப்பம் ஊற்றி விற்றுப் பிழைத்து வந்தார். மற்ற வீடுகளில் அடுப்பு அணைந்து கிடக்கும்போதும் அங்கே எரியும். எழுதாமல் எப்படி விடுவது?

மறுநாளே அவர் என் வாசலில் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, எஞ் சாய்ப்பப் பிரிக்கச் சொல்லி எழுதியிருக்கியளாமே. பொறவு ஆப்பத்த எங்க ஊத்த, உங்க நோட்டுலயா?”

“உள்ளதத்தானம்மா எழுதுனேன். முடிவு மேனேஜர் கையில.”

“எட்டு வருசமா எரியுத அடுப்பு. ஒரு ஓலை கருகலைன்னு அதையும் எழுதுங்க. அதுவும் உள்ளதுதான.”

கருகாத ஓலைக்கு என் பட்டியலில் இடம் இல்லை. எழுதவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பூஜை என்றால் முன்னால் நிற்பார். மில் இயந்திரம் மட்டுமா ஆயுதம், லைனைக் காக்கிற வாளிகள் ஆயுதம் இல்லையா என்று கேட்டார். எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. வாளிகளுக்கு மேல் ஓலைப் பந்தல் போட்டு, வர்ணத்தாள் தோரணம் கட்டினார்கள். எட்டு வாளிக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. கீழே ஒரு பலகையில் என் பேனா, என் நோட்டு, என் விசில். விசிலின் வாயிலும் சந்தனம் வைத்திருந்தார்கள்.

மாலை ஐந்தே முக்காலுக்குச் சூடம் காட்டினார் வாட்ச்மேன். மலைப் பக்கத்திலிருந்து ஒரு காற்று. தோரணத்தின் நுனி தட்டுப் பக்கம் வந்து போயிற்று. போகும்போது நெருப்போடு போயிற்று. ஒரு கணத்தில் பந்தலின் ஓரத்து ஓலை பற்றிக்கொண்டது. அங்கிருந்து ஆப்பக்காரம்மாள் சாய்ப்புக்கு இரண்டு முழம்கூட இல்லை.

ஒருவன் தண்ணீர் வாளிக்குக் கை நீட்டினான். வாட்ச்மேன் தடுத்தார்.

“ஏலே, பூஜையில வச்சத எடுக்கப்படாதுலே. நாளைக்கு மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும்.”

“அதுக்குள்ள வீடு வெந்துருமே.”

“டைம் கீப்பர் அய்யா விசில் அடிக்கட்டும். அவிய சொன்னா எடுத்துக்கலாம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விசிலைப் பார்த்தேன். அதுவும் பூஜையில்தான் இருந்தது. நானும் கை வைக்கவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

அதற்குள் ஆப்பக்காரம்மாள் வெளியே வந்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, வாளி வாளியாத் தண்ணி தொங்குது, எல்லாரும் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிய?”

“நீங்க எடுங்கம்மா,” என்றேன். அவருக்குத் தடை இல்லையே என்று தோன்றியது.

“உங்க சாமிக்கு வச்சத நான் தொட்டுட்டு, நாளைக்கு யாரு பேச்சுக் கேக்க?” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். மறுநாளைக்குக் கரைத்து வைத்திருந்த ஆப்ப மாவுப் பானையை இடுப்பில் தூக்கி வந்து, அப்படியே பந்தலின் மேல் வீசினார். தீ சளசளத்து அடங்கியது. எட்டு வாளியும், வாட்ச்மேனும், நானும், என் நோட்டும் வெள்ளையாகிவிட்டோம். புகையில் ஆப்பத்தின் மணம் வந்தது.

மறுநாள் தீப்பிடித்த சேதி தெரிந்தே மேனேஜர் வந்தார். லைனில் யாருக்கும் ஆப்பம் கிடைக்காததால் காலையிலேயே எல்லோரும் கடுகடுவென்று இருந்தார்கள்.

“எங்க பிடிச்சது?”

“தீயணைப்பு வாளி மாட்டுற இடத்துல சார்.”

“எத்தனை வாளி செலவாச்சு?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“பின்ன எதால அணைச்சீங்க?”

சொன்னேன். அவர் போய்க் கரிந்த பந்தலைப் பார்த்தார். பிறகு பட்டியலைக் கேட்டார். மறுபூஜை முடிந்து நோட்டு என் கைக்கு வரும்வரை அவரும் காத்திருந்தார். மாவு காய்ந்து தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்துக் கொடுத்தேன். முதல் எண்ணை வாசித்தார். அந்தச் சாய்ப்பைப் பார்த்தார். ஓர் ஓலையும் கருகவில்லை.

“இதை நீங்களே திருத்திருங்க,” என்றார்.

பூஜைப் பலகையிலிருந்து பேனாவையும் எடுத்துத் திருத்தினேன். முதல் எண்: வாளிகள் மாட்டியுள்ள இடம். பன்னிரண்டாம் வீட்டை அடித்துவிட்டேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, நான் நேராக அடித்தேனா என்று சரிபார்த்துக்கொண்டார்.

“ஓலை கருகலைன்னும் எழுதுங்க அண்ணாச்சி.”

ஓரத்தில் இடம் விட்டு அதையும் எழுதினேன்.