நான்காவது வாக்கியம்

துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தில் என்னை டிவிக்காரர்களிடம் பேச அனுப்பியது என்னுடைய கன்னடத்தை நம்பித்தான். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் கன்னடம் நாக்கில் தங்கிவிட்டது. மற்றபடி மைக்குக்கு முன்னால் நிற்கிற ஆளில்லை நான். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவள். போன் அடித்தால் என்ன கெட்ட சேதியோ என்றுதான் எடுப்பேன்.

அந்த வாரம் நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் என்னோடு தெரு கூட்டுகிறவளின் புருஷன் செத்துப்போயிருந்தார். குப்பை லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை அவருக்கு. காலையில் லாரி ரிவர்ஸ் எடுத்தபோது பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டார். ரிவர்ஸ் போகும்போது கத்த வேண்டிய ஹாரன் பல மாதமாகக் கத்தவில்லை. அதை மேஸ்திரியிடம் இரண்டு தரம் சொன்னதே அவர்தான். ஆனால் காரியம் முடிவதற்குள் காண்ட்ராக்டர் தரப்பிலிருந்து ஒரு பேச்சு கிளம்பியது. ஆள் குடித்துவிட்டு வண்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்தாராம்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அக்கா, ஹாரன் கீரனெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். குடிச்சிட்டு செத்தான்னு மட்டும் ஊரு சொல்லக்கூடாது. நீ அதச் சொல்லிடு."

டிவிக்காரர்கள் வருவதற்கு முந்தைய நாள் சங்க அறையில் எனக்குப் பயிற்சி. வக்கீலுக்குப் படிக்கிற பெண் ஒருத்தி வந்து, தண்ணீர் கேன் மேல் போனைச் சாய்த்து வைத்து என்னைப் படம் எடுத்தாள். மூன்றே வாக்கியம் கொடுத்தாள். ஹாரன் வேலை செய்யவில்லை. சொல்லியும் சரிசெய்யவில்லை. அவர் நிதானத்தோடு வேலை செய்துகொண்டிருந்தார்.

"குடிங்கற வார்த்தையே உங்க வாயிலேர்ந்து வரக்கூடாதுக்கா. இல்லன்னு சொல்றதுக்குக்கூட வரக்கூடாது. அத மட்டும் வெட்டிப் போட்டுடுவாங்க."

"அவங்களே கேட்டா?"

"இந்த மூணையே திரும்பச் சொல்லுங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம நின்னா மரியாதையா இருக்குமாம்மா?"

"அக்கா, அவங்க உங்க மேஸ்திரி இல்ல!"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "மைக்கப் பாத்து நமஸ்காரா சார்னு கும்பிடு போட்டுடப் போறா" என்றாள் ஒருத்தி. "பவுடர் கொஞ்சம் தூக்கலா போட்டுக்கடி, டிவில நம்மள தேடிப் புடிக்கணும்" என்றாள் இன்னொருத்தி. செத்த வீட்டுக்காரியும் லேசாகச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மேஸ்திரி ஒன்று கேட்டால் நாங்கள் இரண்டாகச் சொல்லிவிடுவோம். "யாக்கம்மா லேட்டு?" என்பார், ஏன் லேட் என்று. "பஸ் வரல சார், நேத்தும் பத்து நிமிஷம் லேட்டுதான் சார்" என்று, அவர் கேட்காத நேற்றையும் சேர்த்து ஒப்புக்கொள்வோம். அவராகக் கண்டுபிடித்தால் ஆப்சென்ட் போட்டுவிடுவார். நாமே கொட்டிவிட்டால் திட்டிவிட்டு விடுவார். இத்தனை வருஷம் அந்தப் பழக்கம்தான் எனக்குச் சோறு போட்டது.

மறுநாள் வார்டு ஆபீஸ் வாசலில் நான்கு மைக். மூன்று வாக்கியத்தையும் சுத்தமாகச் சொன்னேன். வக்கீல் பெண் தூரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அப்படியே நகர்ந்திருக்கலாம்.

நிருபர் பெண் ஒருத்தி, என் மகள் வயதிருக்கும், பக்கத்தில் வந்து கன்னடத்தில் மெதுவாகக் கேட்டாள். "அவரிகெ குடியோ அப்யாசா இத்தா அக்கா?" குடிக்கிற பழக்கம் உண்டா என்று. அதட்டிக் கேட்டிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டிருப்பேன். அக்கா என்றாளே. அதோடு எனக்குள் ஒரு பயம் வேறு. இல்லவே இல்லை என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை கடையில் அவரைப் பார்த்தவன் எவனாவது வந்து நின்றால்? அப்புறம் ஹாரனும் பொய் என்று ஆகிவிடாதா?

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் குடிப்பார், யார்தான் குடிக்கவில்லை என்றேன். ஆனால் அன்று காலை என் கையால் டீ வாங்கிக் குடித்தார், வாசனையே இல்லை, சத்தியம் என்றேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டதில் மனசு லேசாகக்கூட இருந்தது. திரும்பிப் பார்த்தால் வக்கீல் பெண்ணின் கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் புருஷனைப் பறிகொடுத்தவள் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து டிவி பார்த்தோம். என் முகம் வந்தது. கொஞ்சம் குடிப்பார் என்றது, போய்விட்டது. கீழே சிவப்புப் பட்டையில், கூட வேலை செய்பவரே ஒப்புக்கொண்டார் என்று ஓடியது. டீயும் வரவில்லை, சத்தியமும் வரவில்லை. மறுபடி அதையே போட்டார்கள். அவள் எழுந்து டிவியை அணைத்தாள்.

"மூணு சொன்னா போதும்னுதானக்கா சொல்லிக்குடுத்தாங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள்.

பல வாரம் கழித்து ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் சாராயம் இல்லை என்று எழுதியிருந்தது. வக்கீல் பெண்ணிடம் நம்பர் வாங்கி நானே அந்த நிருபருக்குப் போன் செய்தேன். ரிப்போர்ட்டில் இருந்ததைச் சொன்னேன்.

"ஒள்ளேதாய்த்து அக்கா" என்றாள் அவள். நல்லதாயிற்று என்று. குரலில் பொய் இல்லை. "ஆனா அது ஹளே விஷயா ஆகிப்போச்சு. ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்க." பழைய விஷயமாம். எங்கள் தெருவில் இன்னும் அவரைக் குடித்துச் செத்தவர் என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள்.

காலை ஆஜர் எடுக்கிற இடத்தில் எல்லோருக்கும் நான் படித்துச் சொல்லட்டுமா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். ரிப்போர்ட்டைப் புடவையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. நானே சொல்லிக்கிறேன்."

நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தே பழக்கமில்லாதவள். மறுநாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் போய் நின்றாள். கன்னடமும் தமிழும் குழம்ப, காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி, என் வீட்டுக்காரர் நிதானமாகத்தான் இருந்தார் என்றாள். மேலே ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் ஒரு முப்பது பேர் நின்றிருந்தோம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மேஸ்திரி தலையைக் குனிந்து போனில் ஆஜர் போட ஆரம்பித்தார்.

அன்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ரோடுதான். வேறு ரோடு கொடுங்கள் சார் என்று அவள் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.