கடற்கரையோடு பங்கிட்ட அக்கா

அக்கா இல்லாத முதல் ஆண்டு முடிகிறது. இந்த நினைவு மலருக்கு நாங்களும் எழுதித் தருகிறோம் என்று கடற்கரைக் குப்பத்திலிருந்து ஆள் மாற்றி ஆள் போன் செய்தார்கள். படங்கள் இருந்தால் கொடுங்கள், அக்காவின் வாழ்க்கையை நான்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். இதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா ஒடுகத்தூரில் பிறந்தார். அப்பா அங்கே பள்ளி ஆசிரியர். ஆம்பூருக்கு மாற்றலாகி வந்த சில ஆண்டுகளில் அப்பா மாரடைப்பால் இறந்துபோனார். வேலூரில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த அக்கா, மாலையில் டியூஷன் எடுத்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். காலையில் எனக்குத் தலை பின்னி, சீருடைக்கு இஸ்திரி போட்டு, பள்ளி வாசல் வரை கூட நடந்து வந்த பிறகுதான் தன் பேருந்தைப் பிடிக்க ஓடுவார். அந்த நாட்களில் அக்கா முழுக்க எனக்குச் சொந்தம்.

தொண்ணூறுகளில், தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அப்போது எங்கள் தெருக் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது. தண்ணீர் லாரி வந்தால்தான் அம்மா உலை வைப்பார். சுத்திகரிப்பு சரியாக நடக்காத நாட்களில் அக்கா தன் மேலாளரோடு வாக்குவாதம் செய்வார்.

“பாலாத்துலதானேம்மா போவுது? ஆத்துலதான் தண்ணியே இல்லியே” என்றாராம் அவர்.

“வெள்ளம் வந்தா எங்க போவும் சார்?” என்று கேட்டுவிட்டு வந்த அக்கா, அதைத் தானே பார்த்துவிடுவது என்று கிளம்பினார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போனார். திரும்பி வந்தவரின் வாயில் கடலைத் தவிர வேறு பேச்சில்லை.

முதலில் வார விடுமுறைகள் கடற்கரைக்குப் போயின. பிறகு தீபாவளி விடுமுறையும் போனது. அம்மா காலமான அடுத்த ஆண்டு அக்கா வேலையை விட்டுவிட்டு, அங்கே ஒரு சிறு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தார். குப்பத்தில் மீன் விற்கும் சுசீலாவின் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தார். கடலுக்கும் ஊருக்கும் நடுவே நீண்டு கிடந்த மணல்மேட்டைச் சிலர் லாரி லாரியாக அள்ளி விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்த ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு லாரிகளை மறித்தார். மண் அரிக்காமல் இருக்க அடம்பங்கொடியும் தாழையும் நட்டார். பங்குனி ஆமைகள் முட்டையிடும் இடங்களுக்கு வேலி கட்டினார்.

என் நிச்சயதார்த்தத்துக்கு அக்கா வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். புடவை ஓரமெல்லாம் மணல்.

“இன்னாக்கா, இன்னிக்குமா லேட்டு?” என்றேன்.

“விடியக்கால ஆமக் குஞ்சுங்க வெளிய வந்துடுச்சுடி. சுத்தி நாய்ங்க நின்னுது. உட்டுட்டு எப்டி வர்றது?”

“எனக்கு ஒருவாட்டிதான் நிச்சயம் ஆவும்.”

“அதுங்களுக்கும் ஒருவாட்டிதான் ஸ்டெல்லா, பொழைக்கிறது” என்றார் அக்கா. நான் உள்ளே போய் அழுதேன்.

அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் எப்போதும் பிள்ளைகளைப் பற்றியே பேசுவார். சுசீலாவின் பிள்ளைகள், அவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகள், அவர்கள் காலத்தில் கரை இருக்குமா, மீன் இருக்குமா என்று கவலைப்படுவார். என் மகளின் பிறந்தநாளை மறந்துவிடுவார். யாரென்றே தெரியாத, இன்னும் பிறக்காத பிள்ளைகள் மேலும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் சிரிப்பீர்கள். வந்தது.

சுனாமி வந்த ஆண்டு, அபூர்வமாக அக்கா கிறிஸ்துமஸுக்கு எங்களோடு இருந்தார். மறுநாள் காலை தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்ததும் கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். “போவாதக்கா, மறுபடியும் அலை வரும்ன்றாங்க” என்று கையைப் பிடித்தேன். “உடு ஸ்டெல்லா” என்றார். விட்டேன்.

மணல்மேடு நின்ற இடத்தில் வீடுகள் தப்பின. லாரிகள் அள்ளிப்போன வடக்குக் கோடியில்தான் கடல் ஊருக்குள் புகுந்தது. அங்கே சுசீலாவின் மாமியார் அலையோடு போய்விட்டார். அக்கா பல மாதங்கள் ஆம்பூர்ப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் சுசீலா மீன் கூடையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “எங்க அக்கா வூடு இதானே?” என்று கேட்டார். என் வாசலில் நின்று என்னிடமே கேட்டார். ‘எங்க அக்கா’ என்ற சொல் சுருக்கென்று தைத்தது. உள்ளே வாங்க என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பிறகு அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதடைந்தன. வேலூரில் டயாலிசிஸ் செய்துகொள்வதற்காக என் வீட்டுக்கு வந்தார். மனதில் பட்டதைச் சொல்கிறேன்: அந்தத் துயரத்திலும் எனக்குள் ஒரு நிறைவு இருந்தது. அக்கா என் கையால் சாப்பிட்டார், பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு மறுபடியும் என் பக்கத்தில் தூங்கினார்.

அதுவும் நிலைக்கவில்லை. விடுதி கட்டப்போகும் ஒருவர் மணல்மேட்டைச் சமப்படுத்த இடம் கேட்கிறார், ஊருக்கு வேலை தருவதாகச் சொல்கிறார், பாதி ஊர் அவர் பக்கம், சுதந்திர தினத்தன்று கிராம சபையில் முடிவு என்று குப்பத்திலிருந்து செய்தி வந்தது. அக்கா போயே தீருவேன் என்றார். நான் முடியாது என்றேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அக்கா, “நீயே கூட்டினு போ. உன்ன உட்டுட்டு இந்தவாட்டி போவல” என்றார். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் வேன் அமர்த்திப் புறப்பட்டோம்.

அந்த ஊரை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். வேன் நின்றதும் சுசீலா ஓடி வந்து, வீங்கியிருந்த அக்காவின் கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்து நீவினார். எந்த இடத்தில் தொட்டால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கூட்டத்தில் அக்காவால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார்.

“வேல வேணும்னு கேக்கறது தப்பில்ல. எங்க ஊர்லயும் கேட்டோம். டேனரி வந்துச்சு, வேல வந்துச்சு. கெணறு போயிடுச்சு. எங்கம்மா சாவுற வரைக்கும் லாரித் தண்ணியிலதான் சோறாக்கினாங்க. போன கெணத்த இன்னும் எங்களால திருப்பி வாங்க முடியல. இந்த மேட்டக் குடுத்துட்டா, நாளைக்கு உங்க பேரப்புள்ளைங்க யார்கிட்ட போய்க் கேப்பாங்க?”

‘எங்கம்மா’ என்றபோது அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அத்தனை பேர் கூடியிருந்த அந்த இடத்தில், அந்த அம்மாவின் வயிற்றில் பிறந்தவள் அக்காவைத் தவிர நான் ஒருத்திதான்.

மேட்டைக் கொடுப்பதில்லை என்று தீர்மானம் ஆயிற்று. சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிறு காலை, ஜெபம் செய்து முடித்துக் கண்மூடியிருந்த அக்கா பிறகு கண் திறக்கவில்லை. அந்தப் பயணத்தால்தான் என்று உறவினர்களான உங்களில் சிலர் சொன்னீர்கள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன்.

குப்பத்து மக்கள் வேனில் வந்தார்கள். அக்காவை அடக்கம் செய்ய மணல்மேட்டுக்குப் பின்னால் இடம் பார்த்து வைத்திருந்தார்கள். “எங்க அக்காவ எங்களுக்குக் குடுங்க” என்று சுசீலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“இத்தினி வருஷம் நீங்கதானே வெச்சினு இருந்தீங்க? இனிமேலாவது எங்கிட்ட இருக்கட்டும்” என்றேன். அக்கா இதைப் பற்றி எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர்கள் மறுபேச்சுப் பேசாமல், ஆம்பூர்க் கல்லறைத் தோட்டம் வரை பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். அக்கா இப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

அக்காவின் கடைசி மாதங்களில் கைகொடுத்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன். வேலூர் மருத்துவமனையில் அக்காவைத் தாய்போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு பாய் குடும்பத்தார், என் ஷிப்டைத் தாங்கள் ஏற்றுக்கொண்ட ஷூ கம்பெனித் தோழிகள், கூடவே இருந்து ஜெபித்த போதகர் ஐயா, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சுசீலாவுக்கும் நன்றி. போன வாரம் போன் செய்தார். வடக்குக் கோடியில் புதிதாகத் தாழை நடுகிறார்களாம். “நீங்களும் வாங்கக்கா” என்று கூப்பிட்டார்.

“வர்றேன். ஆனா என்ன அக்கான்னு கூப்புடாத, பேரச் சொல்லு” என்றேன்.

“பெரியவங்கள எப்டிப் பேர் சொல்லிக் கூப்புடறது?”

“அக்கான்னா நம்ம ரெண்டு பேருக்கும் ஒருத்தர்தான்” என்றேன்.

“செரி ஸ்டெல்லா, வா” என்றார் சுசீலா.