படம் ஓடியது, பாட்டு வரவில்லை

பயப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஊருக்குக் கிளம்பினால், கேஸை மூடினோமா என்று பார்க்க ஆட்டோவைக் காக்க வைத்துவிட்டு மறுபடி மாடியேறுகிறவள் நான். அப்படிப்பட்ட நான், தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காகச் செய்த படத்தொகுப்பில் பாட்டு கேட்கிறதா என்பதை மட்டும் மண்டபத்துக் கணினியில் போட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

அது அம்மாவின் பாட்டு. தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது பாடிய தாலாட்டு. தைராய்டு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபோது, குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் அம்மாவைச் சமையலறையில் உட்கார வைத்து, அந்தத் தாலாட்டைப் பாடச் சொல்லி போனில் பதிந்து கொண்டேன். டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. குரல் கரகரத்து, பாதிப் பேச்சு காற்றாகவே வெளியே வந்தது. அதோடு அம்மா பாடுவதை விட்டுவிட்டாள். பதிவைப் போட்டுக் காட்டட்டுமா என்று எத்தனையோ தடவை கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்துவிடுவாள்.

தங்கையின் சின்ன வயதுப் படங்களைக் கோத்து, கூடவே அந்தத் தாலாட்டையும் போடப்போகிறேன் என்று சொன்ன அன்றுதான் அவள் முகம் மாறியது.

"எல்லாரும் கேக்கும்போது நானும் கேட்டுக்கிடுதேன்ட்டி. அதுவரைக்கும் போடாத" என்றாள்.

திருநெல்வேலியை விட்டு ஹைதராபாத்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்த 'ட்டி' அவளை விடவில்லை. அப்புறம் அந்தக் கரகரத்த குரலிலேயே ஊரில் இருக்கும் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, "என் பாட்டு போடுதாவ, வந்துருங்க" என்று சொன்னாள். 

மண்டபம் போவன்பள்ளியில். நான் படத்தொகுப்பை அங்கே ஒலி, ஒளி பார்க்கிறவருக்கு முன்கூட்டியே மெயிலில் அனுப்பியிருந்தேன். திறந்து பார்த்தேன், சூப்பர் மேடம் என்று பதிலும் போட்டிருந்தார். பார்த்தேன் என்றுதான் சொன்னார். கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை.

ராகுகாலத்துக்கு முன்னால் மோதிரம் மாற்ற வேண்டும், அதற்கு முன்னால் படம் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மா அரக்குப் பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒலிபெருக்கி மேஜைக்குப் போய் ஒரு தரம் போட்டுக் காட்டச் சொன்னேன். தங்கை தொட்டிலில் சிரித்தாள், தவழ்ந்தாள், மண்ணைத் தின்றாள். சத்தமே இல்லை. ஓரத்தில் குட்டியாக ஒரு ஸ்பீக்கர் படம் மட்டும் நின்றது.

"ஆவாஜ் நை ஆரா மேடம்" என்றார் ஒலி, ஒளி பார்க்கிறவர், சத்தம் வரவில்லை என்று. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கி என்ன பிரயோஜனம்? வீட்டுக் கணினியில் இருப்பது பழைய மென்பொருள். பாட்டைத் தனக்குள் எடுத்துக்கொள்ளாமல், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். நான் அனுப்பிய மெயிலில் விலாசம் வந்தது, பாட்டு வரவில்லை. பாட்டு ஹப்சிகுடாவில், பூட்டிய எங்கள் வீட்டுக்குள் இருந்தது. பதிந்த பழைய போனையோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதி எடுத்து வைக்கத் துப்பில்லாத நான் ஐ.டி.யில் வேலை பார்க்கிறேன்.

போய் எடுத்துவர நேரமில்லை. எதிர் ஃப்ளாட் ஆன்ட்டியிடம் மாற்றுச்சாவி இருந்தது. தலைமுறைகளாகச் செகந்திராபாத்திலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. முழங்கால் வலியால் விசேஷத்துக்கு வரவில்லை. கூப்பிட்டதும் காலை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்கள். கணினி கடவுச்சொல் கேட்டது. என் மேனேஜர் மேல் இருந்த எரிச்சலில் 'குரங்கு' என்று வைத்திருந்தேன். அதை ஒவ்வோர் ஆங்கில எழுத்தாக மண்டபத்தின் நடுவே நின்று கத்தினேன். ஆன்ட்டிக்குத் தப்பாமல் புரிந்ததா என்று தெரியாததால் கடைசியில், "குரங்கு ஆன்ட்டி, குரங்கு!" என்றும் கத்தினேன். மாப்பிள்ளையின் அப்பா திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, தெலுங்குக்காரர்.

"ஹவ் மா, ஆமா, தெறந்துருச்சு. ஆனா எல்லாம் நம்பரா இருக்கே, எதுமா?"

எது என்று எனக்கும் தெரியாது. போன் தானாக இட்ட எண்களை நான் மாற்றியிருக்கவில்லை. ஒன்றை அழுத்தச் சொன்னேன். கடகடவென்று ஓர் இரைச்சல். மெக்கானிக்குக்கு அனுப்ப நான் பதிந்து வைத்த வாஷிங் மெஷின் சத்தம்.

"நக்கோ ஆன்ட்டி, நக்கோ! அது வேண்டாம், அடுத்தது!"

முன்வரிசையில் அம்மா திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். புரோகிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டு இல்லாமலே ஓட்டிவிடச் சொல்லி அப்பா தூரத்திலிருந்து சைகை காட்டினார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அம்மாவிடம் போய் நீயே சொல் என்று கத்தத் தோன்றியது. அப்போது போனுக்குள் அம்மா பாடினாள்.

"நிறுத்துங்க ஆன்ட்டி! அதேதான். முதல்லேர்ந்து போடுங்க, போனை ஸ்பீக்கர்கிட்ட வச்சுப் பிடிச்சுக்கோங்க. பேசாதீங்க!"

மெயிலில் அனுப்ப ஆன்ட்டிக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. இந்தப் பக்கம் நான் என் போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்தேன். மேஜைக்காரர் படத்தை ஓடவிட்டார். மண்டபம் முழுக்க அம்மாவின் பழைய குரல் எழுந்தது. தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவதுபோல ஒல்லியாகத்தான் இருந்தது. நடுவில் ஆன்ட்டி ஒருமுறை இருமினார்கள். சமையல்காரரின் அழைப்பு குறுக்கே வந்து 'டொய்ங்' என்றது. இணைப்பு அறுந்துவிடுமோ, பேட்டரி போய்விடுமோ என்று மைக்கையும் போனையும் இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் மரத்துப்போயின. பாட்டை நான் கேட்கவே இல்லை. அது நின்றுவிடாமல் இருக்கிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிப் படம் வந்து கைதட்டல் எழுந்த பிறகுதான் போனை மைக்கிலிருந்து எடுத்தேன். 

மோதிரம் மாற்றி முடிந்து எல்லோரும் பந்திக்கு நகர்ந்தார்கள். அம்மா என்னைத் தேடிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். சத்தம் சரியில்லை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்து, போன், மென்பொருள், மெயில் என்று நானே முந்திக்கொண்டு விளக்கத் தொடங்கினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"அது நான்தானாட்டி?"

"நீதாம்மா."

"இவ்வளவு நல்லாவாட்டி பாடியிருக்கேன்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். 

"ஒருத்தரும் சொன்னதே இல்லியே" என்றாள், காற்றாகப் போய்விட்ட அந்தக் குரலில்.