மாற்று ஆள்

இது நிஜமாக நடந்தது. கதை கட்டுவதாக இருந்தால் என்னைக் கொஞ்சம் தைரியசாலியாகக் காட்டியிருக்க மாட்டேனா?

ஆளில்லாத தீவு ஒன்றில், கலங்கரை விளக்கத்துக்கு பேட்டரி மாற்றப் போயிருந்தேன். முப்பது வருஷத்துக்கு முன் அங்கே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேர் ஒரே நாளில் காணாமல் போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. பிறகு யாரையும் அங்கே வைக்கவில்லை. விளக்கு தானாக எரிகிறது.

படகு ஓட்டி வந்தவன் என் மச்சினன். அந்தத் தீவுக்குப் புதுசு. "நான் படகுலயே படுத்திருக்கேன் மாமா. உங்க தொப்பைக்குப் படி ஏறுறது நல்லது" என்றான்.

விளக்கறை உச்சியில். சுற்றிலும் கண்ணாடி. ஒரே ஒரு இரும்புக் கதவு. கீழ்த்தளத்தோடு பேச, சுவரில் ஒரு பித்தளைக் குழாய். மாற்று ஆள் வராமல் யாரும் தீவை விட்டுப் போகக்கூடாது என்பது அந்தக் காலத்து விதி.

மதியம் மூன்று மணி. குழாயில் ஒரு குரல்.

"மாத்து ஆள் வந்தாச்சா?"

மச்சினனின் குசும்பு என்று நினைத்தேன்.

"வந்தாச்சு, வந்தாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

குழாயில் ஒரு பெருமூச்சு...

பிறகு படியில் காலடிகள். டக்... டக்... இரண்டு பேர் இறங்கிப் போகும் சத்தம்.

டங்.

கதவு மூடிக்கொண்டது. இழுத்தேன். தோளால் மோதினேன். அசையவில்லை.

கண்ணாடி வழியே பார்த்தேன். படகு கிளம்பிவிட்டது. அதில் மச்சினனோடு இரண்டு முதுகுகள்.

கத்தினேன். போனில் சிக்னல் இல்லை. பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அந்த மூன்று பேரும் வீட்டில் இப்படித்தான் எதையாவது சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்.

அழுதேன். சத்தமாகத்தான்.

என் மூச்சு கண்ணாடியில் படிந்தது.

பக்கத்தில்... இன்னொரு மூச்சும் படிந்தது.

நான் திரும்பவில்லை.

பொழுது சாயும்போது கதவு திறந்தது. மச்சினன்.

"ஏன்டா விட்டுட்டுப் போன?"

"மாத்து ஆள் வந்தாச்சு, வீட்டுக்குப் போகணும்னு ரெண்டு பெரியவங்க வந்து நின்னாங்க மாமா. பாவமா இருந்துச்சு. கரையில இறக்கிட்டுத் திரும்பிப் பாக்குறேன், ஆளையே காணோம்."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. படகில் விழுந்தேன்.

"எடுடா."

அவன் எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தான்.

"நகர்ந்து உக்காருங்க மாமா. மேல உங்க கூட இருந்தாரே, அவரும் வர்றார்."

படகு ஒரு பக்கம் சாய்ந்தது...

நகர்ந்து உட்கார்ந்தேன். அவருக்கும் வீடு இருக்குமே.

பிறகு அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. போன மாதம், எனக்குப் பதிலாக பேட்டரி மாற்றப் போனவர் திரும்பி வந்து கேட்டார்.

"மேல கண்ணாடிகிட்ட நின்னு கையாட்டிக் கூப்பிட்டீங்களே, நீங்க எப்பண்ணே அங்க போனீங்க? தொப்பையை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

அன்று முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன்.

மகளிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.