மீனுக்கு டேட்டா, நெல்லுக்கு வைஃபை

குறுவை அறுத்து ஒன்பது நாளாகியிருந்தது. நெல், அரசு கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது; பக்கத்தில் நான் கிடந்தேன். இணையத்தில் பதிவு செய்து தேதி வாங்கினால்தான் நெல்லை எடை போடுவார்கள். பதிவுப் பக்கமோ எப்போது திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. அலுத்துப்போய் அதைத் திறப்பதையே விட்டிருந்தேன்.

அன்று காலை, சென்னைக்கு மகள் வீட்டுக்குப் புறப்பட்ட மனைவியை வண்டி ஏற்றத் தஞ்சாவூர் ரயிலடிக்கு வந்திருந்தேன். கிழக்கே வானம் கறுத்திருந்தது.

"என்னங்க, இப்பவே தேதிய போடுங்க. நனைஞ்ச நெல்ல எவன் எடுப்பான்?"

போனை எடுத்தால், அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், கடற்கரையில் உட்கார்ந்து ஒருவர் வஞ்சிரம் வறுப்பதை வீடியோ வீடியோவாகப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். புரட்டாசி மாதம், கண்ணுக்கு மட்டும்தான் அனுமதி.

நல்லவேளை, நடைமேடையில் இலவச வைஃபை இருந்தது. ஆதார் எண், சிட்டா, அடங்கல், பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஏறின. மூன்றாம் நாளுக்குத் தேதி விழுந்தது. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன். நாகூர் வண்டிக்குக் காத்திருந்த பாய் அவர். அங்கே மொபைல் கடை வைத்திருக்கிறாராம்.

"ஸ்டேஷன் வைஃபையிலயா ஆதார போட்டீங்க?"

"ஆமா பாய். டேட்டா மீன் வறுக்கிறதுல போயிடுச்சு."

"மீன் வறுக்கிறத இந்த வைஃபையில பாத்துட்டு, ஆதார உங்க டேட்டாவுல போட்டிருக்கணும் சார். தலைகீழா பண்ணியிருக்கீங்க. ஸ்டேஷன் பேர்லயே எவனாவது ஒரு வைஃபைய வச்சிருந்தான்னா என்ன பண்ணுவீங்க? ஒண்ணும் ஆகாது. ஆனா பாத்துக்குங்க."

'ஒண்ணும் ஆகாது' என்றது என் காதில் விழவில்லை. 'பாத்துக்குங்க' மட்டும் விழுந்தது. தண்ணீர் பாட்டில் வாங்கியவன், தூணில் சாய்ந்து நின்ற ஆள், குழந்தைக்கு பிஸ்கட் ஊட்டிய பெண் என எல்லாரும் என் பாஸ்புக்கைப் படித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. போனை அணைத்தேன். அது போதாதென்று மனைவியின் புடவையிலிருந்து ஊக்கு வாங்கி சிம்மைக் குத்தி எடுத்தேன். அதைச் சட்டைப்பையில் இருந்த விபூதிப் பொட்டலத்துக்குள் வைத்தேன்.

"விபூதின்னா திருடன் தொட மாட்டானாக்கும்?" என்றாள் மனைவி. அதற்குள் வண்டி வந்துவிட்டது.

பஸ் மாறி, கூட்டத்தில் நின்றபடியே நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. சாக்குத் தைத்துக்கொண்டிருந்த சுமைதூக்கும் தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கண்ணே போனீங்க? மூணு தடவ அடிச்சோம், சுவிட்ச் ஆஃப்னே வருது."

"ஏன்?"

"இன்னைக்குத் தேதி உள்ளவரு நெல்லு ஈரம்னு தள்ளிட்டாங்க. உங்க பதிவுதான் ஏறிடுச்சே, இன்னைக்கே போட்டுரலாம்னு எழுத்தர் சொன்னாரு. ஆளே இல்லாம எப்புடிண்ணே போடுறது? அடுத்தவர போட்டாச்சு."

நான் விபூதிப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் விடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் மேலே காத்தது. தண்ணீர் கீழே புகுந்தது. எனக்கு விழுந்த தேதியில் ஈரப்பத மெஷின் என் நெல்லை ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு நான்கு நாள், வெயில் வந்தபோதெல்லாம் தார்ச்சாலையில் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டே நடந்தேன். பஸ் வந்தால் ஒதுங்குவேன், போனதும் மறுபடி இறங்குவேன். மாலையில் பார்த்தால், சிம்மைத் திரும்பப் போட்ட போனில் அன்றைய டேட்டா தொடாமல் அப்படியே இருக்கும்.

பாஸ்புக்கில் எவனும் கை வைக்கவில்லை. மனைவி போனில் கேட்டாள்: "திருடன் வந்தானா?"

"வரல."

"எப்படி வருவான்? அவன் செய்ய வேண்டியதத்தான் நீங்களே செஞ்சுட்டீங்களே."

ஐந்தாம் நாள் மெஷின் இறங்கி வந்தது. எழுத்தரின் ஜன்னலுக்கு நேரே நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்து என் நம்பரை அழுத்தினார். நான் முதல் மணியிலேயே எடுத்தேன்.

"இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"அப்ப மூட்டைய எடுத்தாரச் சொல்லுங்க."