தமேனுக்குள் காயும் கைலி

பவுனம்மாள் கைலியைத் துவைத்தால் உதறுவதில்லை. பெண் துணி உதறுகிற சத்தம் வேறு, ஆண்பிள்ளையின் கட்டம்போட்ட கைலி உதறுகிற சத்தம் வேறு, பக்கத்து வீட்டுக்கு அது தெரிந்துவிடும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். வாளிக்குள்ளேயே முறுக்கிப் பிழிந்து, தன்னுடைய தமேனின் வாய்க்குள் அதைச் செருகி, இரண்டையும் ஒன்றாகப் பின்கட்டுக் கொடியில் மாட்டுகிறாள். தமேன் இங்கே பெண்கள் கட்டுகிற பர்மிய லுங்கி, குழாய்போல மூட்டியது. அதன் அடியில் புகுந்து போனால் ஆணின் மேன்மை போய்விடும் என்பது இந்த ஊர் ஆண்களின் நம்பிக்கை. அதனால் வீட்டுக்குப் பின்னால், தாழ்வாகத்தான் அதைக் காயப்போட வேண்டும்.

"பொம்பளைத் துணிக்குள்ள எவன்டா கையை விட்டுப் பாப்பான்?" என்பாள் மகனிடம்.

மகன் பாலாவுக்கு இருபத்து மூன்று வயது. படைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து அவன் தாகேதா பேட்டையின் இந்தப் பலகை வீட்டை விட்டு வெளியே தலைகாட்டவில்லை. கேட்கிறவர்களுக்கு அவன் மலேசியாவில் இருக்கிறான். "ஓட்டல் வேலை. சோறு நல்லாப் போடுறாங்களாம்" என்று வாசலில் நின்று பெருமையாகச் சொல்லிவிட்டு உள்ளே வருவாள். "மலேசியாக்காரனுக்கு இன்னைக்கும் கருவாட்டுக் குழம்புதானா?" என்பான் அவன், வாய்க்குள்ளேயே.

பகலில் அவள் லான்மடா கடைவீதியில், காஜா மைதீனின் துணிக்கடை வாசலில் கால்மெஷின் மிதிக்கிறாள். துணி எடுக்கிற பெண்கள் அங்கேயே அதை மூட்டி, இடுப்புக்குக் கறுப்புப் பட்டி வைத்து வாங்கிப்போவார்கள். அவர்களுக்கு அவள் டோ பவுன்; 'டோ' என்பது பர்மிய மொழியில் 'அம்மா' மாதிரி மரியாதைச் சொல். இளம்பெண் யாராவது ஒரே நேரத்தில் நாலைந்து தமேன் தைக்கக் கொடுத்தால் அவள் கால் மிதிப்பதை நிறுத்திவிடும். எங்கே பயணம்? என்ன வேலை? யார் கூட்டிப் போகிறார்கள்? அந்த ஆளின் அம்மா வீடு எது? பதில் திருப்தியாக இல்லையென்றால் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"பவுனம்மா, நீ துணி தைக்கிறியா, பாஸ்போர்ட் ஆபீஸ் வச்சிருக்கியா?" என்பார் காஜா மைதீன்.

"ரெண்டும்தான் பாய். வாடகை மட்டும் ஒண்ணுக்கு வாங்குங்க."

அவளுடைய மகள் தமிழரசியும் நாலு தமேனோடுதான் போனாள். சீன எல்லைக்கு அந்தப் பக்கம் தையல் ஃபேக்டரி என்றான் கூட்டிப்போனவன். ஒரே ஒரு போன் வந்தது, அதிலும் அவள் சாப்பிட்டதை மட்டும்தான் சொன்னாள். மூன்று வருஷமாகிறது. தொலைந்துபோன பொண்ணு என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் பவுனம்மாளுக்குப் பொறுக்காது. "தொலையறதுக்கு அவ என்ன சாவிக்கொத்தா? கொண்டுபோனவன் ஒருத்தன் இருக்கான்ல?"

பெண்களின் கோயில் நடை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. தெருமுனை புஷ்பலதாவின் தங்கை எல்லையோர ஊர் ஒன்றில் பிணமாகக் கிடந்தாள். கொன்றவன் யார் என்று கேட்கவும் நாதியில்லை. இப்படிப் பெண்ணைப் பறிகொடுத்த வீட்டுப் பெண்கள் வருஷத்துக்கு ஒருமுறை தாகேதாவில் கிளம்பி, ஆற்றைப் படகில் கடந்து, த்வாண்டே கால்வாய்க்கரை அம்மன் கோயில்வரை நடக்கிறார்கள். படம் கிடையாது, பதாகை கிடையாது, கோஷம் கிடையாது. சும்மா நாலு பேர் சேர்ந்து நின்றாலே ஏனென்று கேட்கிற காலம். ஆனால் ஒவ்வொருத்தியும் இடுப்பில் கட்டியிருப்பது வராமல்போனவளின் தமேன். காவல் சாவடியில் நிற்கிறவன் கண்ணுக்கு அது கோயிலுக்குப் போகிற கூட்டம். தெரிந்தவர்கள் வழியில் இறங்கிவந்து சோறும் பணமும் கொடுப்பார்கள். எல்லையிலிருந்து தப்பிவரும் பெண்களுக்கு அந்தப் பணம் வழிச்செலவு.

இந்த வருஷம், நடைக்கு முந்தின நாள் பிற்பகல், செல்வம் வந்தான். வார்டு ஆபீசில் எடுபிடி, தமிழ்ப் பையன்தான். வாசல் பக்கம் வராமல் நேராகப் பின்கட்டுக்கு வந்தான்.

"என்னக்கா, நாளைக்கு ஆத்தா கூப்பிட்டுட்டாளா?"

"வருசா வருசம் கூப்பிடுறவதானே. நீயும் வாயேன், தொந்தி கரையும்."

அவன் தொந்தியைத் தடவிக்கொண்டான், சிரிக்கவில்லை. "இந்தத் தடவை வேண்டாம்க்கா. இது கோயில் நடை இல்ல, வேற நடைன்னு எவனோ மேல சொல்லிட்டான்."

"எவன்?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க?" அவன் கொடியைப் பார்த்தான். காற்றுக்கு மற்றத் துணியெல்லாம் எழும்பி எழும்பி விழுந்தன. ஒரு தமேன் மட்டும் அசையவில்லை. "இது மட்டும் ஏன்க்கா இப்படிக் கனமாத் தொங்குது?"

பவுனம்மாள் வாளியைக் கவிழ்த்தாள். "கெட்டித் துணி. இப்பத்தான் போட்டேன்."

"ஆமா, கெட்டித் துணிதான்." அவன் கிட்டே போகவுமில்லை, தொடவுமில்லை. குரலை இறக்கினான். "நீங்க நடக்கலைன்னா நான் ஒண்ணும் பாக்கல. நடந்தீங்கன்னா ஆபீஸ்லேருந்து இந்த வீட்டைப் பாக்க வருவாங்க. அப்ப நான் குறுக்க நிக்க முடியாதுக்கா. எனக்கும் அந்த வயசுல ஒரு தம்பி இருக்கான்."

அவன் போனதும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பாலா பலகைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

"கேட்டுச்சா?"

"மலேசியாவரைக்கும் கேட்டுச்சு."

"சும்மா மிரட்டுறான்டா."

"மிரட்டல. பயந்துபோய்ப் பேசுறான். அது இன்னும் மோசம்."

"இந்தத் தடவை நடையை விட்டா அடுத்த மாசம் இன்னொண்ணை விடச் சொல்லுவான்."

"அடுத்த மாசம்வரைக்குமாவது நான் இங்க இருப்பேன்ல?"

"நான் நின்னுட்டா அவளுங்க அத்தனை பேரும் நின்னுருவாளுங்க. அப்புறம் உங்க அக்கா பேரை யாரு சொல்லுவா?"

"இப்ப மட்டும் சொல்றீங்களா? வழிநெடுக ஆத்தா பேரைத்தானே சொல்றீங்க."

மேசைமேல், மதியம் புஷ்பலதா கொடுத்துவிட்டுப் போன மஞ்சள் கயிறு இருந்தது. நடக்கிறவர்கள் முந்தின நாளே காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டு மனுஷர் கையால்தான் கட்டிக்கொள்வது வழக்கம். கட்டியபின் பின்வாங்கக் கூடாது.

பாலா எழுந்தான். "அக்காவுக்கு அவ தமேனைக் கட்டிக்கிட்டு நடக்குற. என்னையும் கொண்டுபோயிட்டா, எதைம்மா கட்டிக்கிட்டு நடப்ப?"

பவுனம்மாள் கயிற்றை எடுத்தாள். வலது மணிக்கட்டில் போட்டு, இரண்டு நுனியும் தொங்க, கையை அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவன் திரும்பி உள்ளறைக்குப் போய்விட்டான்.

நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் முடிச்சை இறுக்கினாள்.