ஹேங் என்ற சொல்லும் ராஜம் அக்காவும்

போன வியாழக்கிழமை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது ராஜம் அக்காவின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "ராஜம் காலம்பற போயிட்டா. ஹார்ட் நின்னுடுத்து" என்றார்.

திருவனந்தபுரத்தில் எங்களோடு மென்பொருள் வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். கரமனை அக்ரஹாரத்துப் பெண். எங்கள் குழுவில் மூத்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பேச்சில் பாதி கம்ப்யூட்டர் பேச்சு. கம்ப்யூட்டர் உறைந்து நிற்பதுபோல யோசனையில் உட்கார்ந்திருப்பவன் 'ஹேங்' ஆகிவிட்டவன். அக்காவும் சளைத்தவர் அல்ல. சாம்பாரில் உப்பு குறைந்தால், புரோகிராமில் பிழை வந்ததுபோல, 'பக் இருக்கு' என்பார்.

ஒருநாள் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அம்மா தட்டின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் பதில் இல்லை. அலுவலகத்துக்குப் போன் செய்து, அம்மா ஹேங் ஆகிவிட்டாள், வரத் தாமதமாகும் என்றேன். எடுத்த நண்பன், அணைத்துப் போட்டு ரீபூட் செய்யச் சொல்லிச் சிரித்தான். நானும் அம்மாவின் அருகில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஹேங் ஆனது கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்றுதான் மனத்தில் இருந்தது.

அரைமணி நேரம் கழித்து ராஜம் அக்கா கூப்பிட்டார். நண்பன் சொல்லி அப்போதுதான் கேள்விப்பட்டாராம்.

"ஹேங்னா என்னடா? கண்ணுக்கு என்ன தெரியறதோ அதைச் சொல்லு."

"வாய் ஒரு பக்கமா கோணியிருக்குக்கா. வலது கையத் தூக்க மாட்டேங்கா."

சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது.

"அங்கேயே இரு. ஆட்டோல வரேன்."

ஆஸ்பத்திரியில், எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். இப்போதுதான் என்றேன். அக்கா குறுக்கிட்டு, முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று மலையாளத்தில் திருத்தினார். பக்கவாதம் என்றார்கள். அம்மா பிழைத்தாள். பேச்சு பாதிதான் திரும்பியது.

வராந்தாவில் நான் அழுதபோது அக்கா என்னைத் தேற்றவில்லை. "உன் ஃப்ரெண்ட் வந்து சொன்னதும் நானும்தான் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சப்பறம்தான் பயம் வந்தது" என்றார். அதன்பின் அந்தக் கம்ப்யூட்டர் சொற்களை அவர் வேலைக்கு வெளியே பேசிக் கேட்டதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் கேலி செய்தார்கள், அவர் பொருட்படுத்தவில்லை.

அக்காவைத் தகனம் செய்துவிட்டுச் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் புத்தகத்தோடு வந்து, "மண்டைல எரரா வருதுப்பா" என்றாள். இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னேன். ஒன்றும் புரியாமல் தூக்கினாள், சிரித்தாள். பரீட்சைக்குப் படித்த களைப்புதான். ஆனாலும் அன்று முழுவதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராஜம் அக்காவிடமிருந்து எனக்கு வந்தது இந்தப் பயம். இது என்னை விட்டுப் போக வேண்டாம்.